ஆபரேஷனுக்கு முன்பே ஏன் கீமோ? சிறுநீர்ப்பாதைப் புற்றுநோய் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீமோ வார்டில் செவிலியராக இருக்கிறேன். மருந்து ஏறி முடிய ஐந்தாறு மணி நேரம் ஆகும். கூட வந்தவர்கள் முதல் ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். அப்புறம் மெல்ல எழுந்து வந்து, நோயாளிக்குக் கேட்காத தூரத்தில் நின்று, "சிஸ்டர், ஒன்று கேட்கலாமா?" என்பார்கள். பெரும்பாலும் ஒரே கேள்விதான்: கட்டி இருப்பது தெரிந்த பிறகும் ஏன் உடனே ஆபரேஷன் செய்யவில்லை? அதைச் சுற்றி இன்னும் பல கேள்விகள் வரும்.

அவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டில் உள்ளவருக்கு எது பொருந்தும் என்பதை அவருடைய ஃபைலைப் பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல முடியும். அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள இது உதவும்.

எங்களுக்குச் சிறுநீர்ப்பை என்கிறார்கள், பக்கத்துக் கட்டில்காரருக்குச் சிறுநீர்க்குழாய் என்கிறார்கள். இரண்டு பேருக்கும் ஒரே மருந்து எப்படி?

சிறுநீரகத்தில் சிறுநீர் வந்து சேரும் குழிவு, அங்கிருந்து பைக்கு இறங்கும் குழாய், சிறுநீர்ப்பை ஆகிய எல்லாவற்றுக்கும் உள்பக்கம் ஒரே மாதிரியான மெல்லிய தோல்தான். யூரோதீலியம் என்பது அதன் பெயர். இந்தப் புற்றுநோய் அந்த உள்தோலில் தொடங்குகிறது. 100 பேரில் 90-க்கு மேற்பட்டவர்களுக்குச் சிறுநீர்ப்பையில் வருகிறது, மீதிப் பேருக்கு மேலே குழாயிலோ சிறுநீரகக் குழிவிலோ. இடம் வேறானாலும் செல்லின் இனம் ஒன்று என்பதால் மருந்தும் ஒன்றாக இருக்கிறது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். சிறுநீரகத்தின் சதையில் வரும் புற்றுநோய் வேறு. அதற்கு இங்கே சொல்லும் கீமோ வேலை செய்யாது. இணையத்தில் "கிட்னி கேன்சர்" என்று தேடிப் படித்துவிட்டுப் பயந்து வருபவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

"முற்றிய நிலை" என்று சொல்லிவிட்டார்களே, அப்படியானால் எல்லாம் முடிந்ததா?

இல்லை. அந்த ஒரு சொல்லுக்குள் மிக வேறுபட்ட இரண்டு நிலைகள் அடங்கியிருக்கின்றன. பையின் சுவரில் உள்தோல், அதன் கீழ் மெல்லிய அடுக்கு, அப்புறம் தசை, வெளியே கொழுப்பு என்று அடுக்குகள் இருக்கின்றன. கட்டி தசைக்குள் இறங்கிவிட்டால் டி2, கொழுப்புக்குப் போனால் டி3, பக்கத்து உறுப்பைத் தொட்டால் டி4 என்று எழுதுவார்கள். தசையைத் தொட்ட நோய் தீவிரமானதுதான். ஆனால் வேறு உறுப்புக்குப் பரவாதவரை குணப்படுத்தும் நோக்கத்தோடுதான் சிகிச்சை நடக்கிறது. ஆபரேஷனுக்கு முந்தைய கீமோ இவர்களுக்கானது.

நுரையீரல், எலும்பு, கல்லீரல் என்று பரவியிருந்தால் அது இன்னொரு பாதை. அங்கே மருந்துதான் முதன்மைச் சிகிச்சை, ஆபரேஷன் வழக்கமாக இருக்காது. நிணநீர் முடிச்சுகளில் மட்டும் இருந்தால், முதலில் கீமோ கொடுத்து, நன்றாகக் கேட்டால் ஆபரேஷன் என்று முடிவெடுப்பதுண்டு. ஆகவே மருத்துவரிடம் "முற்றியதா?" என்று கேட்காதீர்கள். "தசைக்குள் போயிருக்கிறதா, முடிச்சுக்குப் போயிருக்கிறதா, வேறு உறுப்புக்குப் போயிருக்கிறதா?" என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

கட்டி எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. உடனே வெட்டி எடுக்காமல் எதற்கு மருந்து?

கத்தியால் எடுக்க முடிவது கண்ணுக்குத் தெரிவதை மட்டும்தான். தசைக்குள் இறங்கிய கட்டியிலிருந்து சில செல்கள் ஏற்கெனவே ரத்தத்திலும் நிணநீரிலும் கலந்து எங்கோ ஒதுங்கியிருக்கலாம். அவை ஸ்கேனில் தெரியும் அளவுக்கு வளர்ந்திருக்காது. தசையைத் தொட்ட நோய்க்கு ஆபரேஷன் மட்டும் செய்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நோய் திரும்ப வந்ததற்கு இதுதான் காரணம். பெரும்பாலும் பை இருந்த இடத்தில் அல்ல, தூரத்தில் வேறொரு உறுப்பில் வரும். ரத்தத்தோடு போகும் மருந்து அந்தச் செல்களைத் தேடிப் போகும்.

சரி, அதை ஆபரேஷனுக்குப் பிறகு கொடுக்கலாமே என்பீர்கள். இது பெரிய ஆபரேஷன். ஆறி எழுந்திருக்கவே பல வாரம் ஆகும். பசி இருக்காது, எடை குறையும், சிலருக்குத் தொற்று வரும், சிறுநீரகத்தின் திறனும் இறங்கலாம். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டவர்களில் கணிசமானவர்களுக்கு அந்த "பிறகு" வருவதே இல்லை. முழு மருந்தையும் தாங்கும் தெம்பு இருப்பது இப்போதுதான். இன்னொரு லாபமும் உண்டு. கட்டி உடம்பில் இருக்கும்போதே மருந்து கொடுத்தால், மருந்து கேட்கிறதா என்று கண்ணால் பார்க்க முடியும்.

இதனால் உண்மையில் எவ்வளவு பலன்? ஆறுதலுக்குச் சொல்கிறார்களா?

எண்களைச் சொல்கிறேன். 2003-ல் வெளியான ஓர் ஆய்வில், சிறுநீர்ப்பைப் புற்றுநோய் தசையைத் தொட்ட சுமார் 300 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மூன்று சுற்று கீமோவும் பிறகு ஆபரேஷனும், மறு பாதிக்கு ஆபரேஷன் மட்டும் என்று செய்தார்கள். பாதிப் பேர் உயிரோடு இருந்த காலம் கீமோ பெற்றவர்களில் 77 மாதம், பெறாதவர்களில் 46 மாதம். ஆபரேஷனில் எடுத்த பையைச் சோதித்தபோது புற்றே மிச்சமில்லாமல் இருந்தவர்கள் 38 சதவீதம். கீமோ இல்லாதவர்களில் அது 15 சதவீதம்.

இப்படிப் பல ஆய்வுகளைச் சேர்த்து 2005-ல் பார்த்தபோது, ஐந்து ஆண்டுகள் வாழ்ந்தவர்கள் 100-க்கு 45-லிருந்து 50 ஆக உயர்ந்தது தெரிந்தது. அதாவது 100 பேரில் கூடுதலாக 5 பேர். சிறிய எண்ணாகத் தோன்றும். ஆனால் அது எல்லோரையும் சேர்த்த சராசரி. மருந்துக்கு நன்றாகக் கேட்கும் கட்டி உள்ளவருக்கு லாபம் மிகப் பெரிது, கேட்காதவருக்கு மிகக் குறைவு. யார் எந்தப் பக்கம் என்று முன்கூட்டியே உறுதியாகச் சொல்லும் பரிசோதனை வழக்கமான சிகிச்சையில் இன்னும் இல்லை.

கீமோ கொடுத்துக்கொண்டிருக்கும்போதே கட்டி வளர்ந்துவிட்டால்?

நியாயமான பயம். சிலருக்கு அப்படி நடக்கும். அதனால்தான் முழுச் சுற்றும் முடியும்வரை கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பதில்லை. வழக்கமாக இரண்டு மூன்று சுற்றுக்குப் பிறகு ஸ்கேன் எடுப்பார்கள். வளர்கிறது என்று தெரிந்தால் கீமோவை நிறுத்திவிட்டு நேரே ஆபரேஷனுக்குப் போவார்கள். மேலே சொன்ன 2003 ஆய்வில் திட்டமிட்டபடி பையை எடுக்க முடிந்தவர்கள் கீமோ பெற்றவர்களில் 82 சதவீதம், பெறாதவர்களில் 81 சதவீதம். கீமோவால் பலருக்கு ஆபரேஷன் கைநழுவிப் போகும் என்ற பயத்துக்கு அதுவே பதில்.

ஆனால் காரணமில்லாத தாமதம் கெடுதல்தான். கடைசிச் சுற்று முடிந்து நான்கு முதல் ஆறு வாரத்தில், அதாவது ரத்த அணுக்கள் தேறியதும், ஆபரேஷன் நடப்பது வழக்கம். அந்தத் தேதியை கீமோ நடக்கும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். "கொஞ்சம் தெம்பு வரட்டும்" என்று வீட்டிலேயே மூன்று மாதம் தள்ளியவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்யாதீர்கள்.

என்ன மருந்து? எத்தனை தடவை வர வேண்டும்?

இரண்டு முறைகள் பரவலாக இருக்கின்றன. முதலாவது, ஜெம்சிட்டபினும் சிஸ்பிளாட்டினும். 21 நாள் ஒரு சுற்று. முதல் நாள் இரண்டு மருந்தும், எட்டாம் நாள் ஜெம்சிட்டபின் மட்டும். வழக்கமாக நான்கு சுற்று. எட்டாம் நாள் மருந்து அரை மணியில் ஏறிவிடும். இரண்டாவது, மெத்தோட்ரெக்சேட், வின்பிளாஸ்டின், டாக்ஸோரூபிசின், சிஸ்பிளாட்டின் என்ற நான்கு மருந்துக் கூட்டு. இதை இப்போது 14 நாளுக்கு ஒரு முறை நெருக்கமாகக் கொடுத்து, வெள்ளை அணுக்கள் ஏற ஊசியும் போடுகிறார்கள். இது கொஞ்சம் கடுமையானது, திடமான உடம்பு வேண்டும்.

இரண்டிலும் சிஸ்பிளாட்டின் இருப்பதைக் கவனியுங்கள். பிளாட்டினம் என்ற உலோகத்திலிருந்து செய்த மருந்து அது. செல்லின் மரபுப் பொருளில் ஒட்டிக்கொண்டு அது பிரிந்து பெருகாமல் தடுக்கும். இந்த நோய்க்கு ஆபரேஷனுக்கு முன் கொடுக்கும் கீமோவின் முதுகெலும்பே அதுதான். இனி வரும் பாதிக் கேள்விகள் அதைப் பற்றியவை.

கிரியாட்டினின் 1.1 தான், நார்மல் என்று லேப் தாளிலேயே இருக்கிறது. அப்புறம் ஏன் கிட்னி போதாது என்கிறார்கள்?

அடிக்கடி சண்டையில் முடியும் கேள்வி இது. கிரியாட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு, சிறுநீரகம்தான் அதை வெளியேற்றும். மெலிந்த வயதானவருக்குத் தசை குறைவு, அதனால் சிறுநீரகம் சோர்ந்திருந்தாலும் எண் நார்மலாகவே காட்டும். மருத்துவர்கள் வயது, எடை எல்லாம் சேர்த்துச் சிறுநீரகம் நிமிடத்துக்கு எத்தனை மில்லி ரத்தத்தைச் சுத்தம் செய்கிறது என்று கணக்கிடுவார்கள். கிரியாட்டினின் 1.1 உள்ள இருவரை எடுத்துக்கொள்ளுங்கள். 50 வயது, 75 கிலோ எடையுள்ள ஆணுக்கு அந்தக் கணக்கு 85 வரும். 75 வயது, 50 கிலோ உள்ளவருக்கு 41 தான்.

சிஸ்பிளாட்டின் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும், போகிற போக்கில் அதைச் சேதப்படுத்தவும் செய்யும். முழு அளவு கொடுக்க அந்த எண் 60 இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். அதற்குச் சற்றுக் கீழே இருந்தால் மருந்தை இரண்டு நாளாகப் பிரித்துக் கொடுப்பதுண்டு. ஒவ்வொரு சுற்றுக்கு முன்பும் ரத்தம் எடுப்பதும், எண் சரியில்லை என்றால் ஒரு வாரம் தள்ளிவைப்பதும் இதனால்தான். தள்ளிவைத்த நாளில் எங்கள்மேல் கோபப்படுவார்கள், புரிகிறது. ஆனால் அந்த ஒரு வாரம் சிறுநீரகத்தைக் காப்பாற்றுகிறது.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது: முதுகுவலிக்கோ மூட்டுவலிக்கோ டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகளைத் தானாக வாங்கிக் கொடுக்காதீர்கள். அவை சிறுநீரகத்தைத் தாக்கும். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்து தண்ணீரே இறங்கவில்லை என்றால் அடுத்த சுற்றுவரை காத்திருக்காமல் வந்துவிடுங்கள்.

முதுகில் டியூப் போட வேண்டும் என்கிறார்கள். கீமோவுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

கட்டி குழாயின் வாயை அடைத்தால் சிறுநீர் மேலேயே தேங்கி, சிறுநீரகம் வீங்கி, திறன் குறையும். அடைப்பை நீக்கினால் முந்தைய பதிலில் சொன்ன எண் ஏறி, சிஸ்பிளாட்டின் கொடுக்க வழி பிறக்கலாம். அதற்குத்தான் முதுகு வழியாக டியூப், அல்லது சிறுநீர்க்குழாய்க்குள் ஸ்டென்ட் என்ற மெல்லிய குழல். டியூப் என்றதும் "நோய் மோசமாகிவிட்டது" என்று அழுதவர் ஒருவர், இரண்டு வாரம் கழித்து அதே டியூபோடு முதல் சுற்றுக்கு வந்து உட்கார்ந்தார். டியூப் உள்ளவர்களுக்குக் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் உடனே வர வேண்டும், அதை மட்டும் மறக்காதீர்கள்.

எங்கள் அப்பாவுக்குச் சிஸ்பிளாட்டின் தர முடியாதாம். கார்போபிளாட்டின் தரலாமே, அதுவும் பிளாட்டினம்தானே?

சிறுநீரகத் திறன் குறைவு, காது கேளாமை, கைகால் நரம்பு மரத்துப்போதல், கடுமையான இதயச் செயலிழப்பு, தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொண்டாலும் வேலை எதுவும் செய்ய முடியாத அளவு பலவீனம். இவற்றில் ஒன்று இருந்தாலும் சிஸ்பிளாட்டின் ஆபத்து என்று வைத்திருக்கிறார்கள். கார்போபிளாட்டின் அதற்குத் தம்பி மாதிரிதான், ஆனால் சிறுநீர்ப்பைக்கு ஆபரேஷனுக்கு முன் அது அதே பலனைத் தரும் என்று நிரூபிக்கப்படவில்லை. பலன் உறுதியில்லாத கீமோவில் மாதங்களைக் கழிப்பதைவிட நேரே ஆபரேஷனுக்குப் போவது நல்லது என்பதே வழக்கமான அறிவுரை. உங்கள் அப்பாவைக் கைவிட்டதாக இதற்கு அர்த்தமில்லை.

இந்த இடத்தில்தான் சமீபத்தில் பெரிய மாற்றம் வந்திருக்கிறது. சிஸ்பிளாட்டின் பெற முடியாதவர்களுக்கு ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் என்ஃபோர்டுமாப் வெடோட்டின், பெம்ப்ரோலிசுமாப் என்ற இரு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்த ஆய்வின் முடிவு 2025-ல் வந்தது. ஆபரேஷன் மட்டும் செய்தவர்களைவிட இவர்கள் தெளிவாக அதிக காலம் வாழ்ந்தார்கள். எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. ஆனாலும் மருத்துவரிடம் பெயர் சொல்லியே கேளுங்கள்.

மேல்குழாயில் கட்டி. ஒரு சிறுநீரகத்தையே எடுக்கப்போகிறார்கள். அதற்கு முன் சிறுநீரகத்தைக் கெடுக்கும் மருந்தா?

முரணாகத் தோன்றும், ஆனால் கணக்கு நேர்மாறானது. இரண்டு சிறுநீரகமும் இருக்கும் இப்போதுதான் சிஸ்பிளாட்டினைத் தாங்க முடியும். ஒன்றை எடுத்த பிறகு திறன் இறங்கி, பலருக்கு அந்த 60 என்ற எல்லையே எட்டாது. அதனால் மேல்குழாய்க்கு முன்கூட்டிய கீமோ சிறுநீர்ப்பையைவிடவும் பொருத்தமானது என்று வாதிடுபவர்கள் உண்டு.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். குழாய்க்குள் சிறிய கருவியை விட்டு எடுக்கும் துணுக்கில் கட்டி எவ்வளவு ஆழம் என்று சரியாகத் தெரியாது. தேவையில்லாதவருக்கும் கீமோ போய்விடலாம். மேலும், ஆபரேஷனுக்குப் பிறகு 90 நாளுக்குள் கீமோ கொடுத்த ஆய்வு ஒன்று 2020-ல் வெளியாகி, நோய் திரும்புவது வெகுவாகக் குறைந்ததைக் காட்டியது. ஆகவே இங்கே இரண்டு பாதையும் ஏற்கத்தக்கவை. "எடுத்த பிறகு எங்கள் எண் எவ்வளவு இருக்கும்?" என்ற கேள்விதான் முடிவைத் தீர்மானிக்கும்.

மருந்து ஏற்றும் நாளில் என்ன செய்வார்கள்?

காலையில் எடை பார்ப்போம். ரத்த முடிவு வந்ததும் வாந்தி வராமல் இருக்க மாத்திரையும் ஊசியும். பிறகு மெக்னீசியம் கலந்த உப்பு நீர் ஒரு லிட்டருக்குமேல் ஏறும். அது போய் சிறுநீர் நன்றாக இறங்கினால்தான் சிஸ்பிளாட்டின் பையைத் தொங்கவிடுவோம். ஒவ்வொரு முறையும் அளவுக் குவளையில் பிடித்துத் தாளில் எழுதச் சொல்வோம். ஒரு பெரியவர் கூச்சப்பட்டு எழுதாமலேயே இருந்தார். அவருடைய மகள் பேனாவைக் கையில் கொடுத்து, "இது மார்க் ஷீட் அப்பா, கூட வாங்கணும்" என்றாள். அன்றிலிருந்து ஒவ்வொரு எண்ணையும் எனக்கு வாசித்துக் காட்டுவார்.

மாலையில் மறுபடி எடை. வீட்டுக்குப் போய் இரண்டு மூன்று நாள் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். இதய நோய் உள்ளவர்கள் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டு குடியுங்கள்.

வாந்தி எடுத்துக்கொண்டே இருப்பாரா? முடி கொட்டுமா?

முதல் நாள் ஒன்றும் இல்லையே என்று பலர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். சிஸ்பிளாட்டின் குமட்டல் இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள்வரை வரக்கூடியது. எழுதிக்கொடுத்த மாத்திரையை வாந்தி வராவிட்டாலும் முடிக்க வேண்டும். முடி, ஜெம்சிட்டபின் முறையில் மெலியும், நான்கு மருந்து முறையில் பெரும்பாலும் கொட்டிவிடும். மீண்டும் வளரும்.

நான் அதிகம் கவலைப்படுவது யாரும் சொல்லாமல் விடும் இரண்டைப் பற்றித்தான். காதில் ரீங்காரம், அல்லது பக்கத்திலேயே போன் அடித்தும் கேட்காமல் இருப்பது ஒன்று. சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறுவது, பாதம் மரத்துப்போவது இன்னொன்று. இவை சுற்றுக்குச் சுற்று சேர்ந்துகொண்டே போகும். காதில் வந்த சேதம் பெரும்பாலும் திரும்பாது. வயதாகிவிட்டது என்று நினைத்து மறைக்காமல் அடுத்த சுற்றுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

காய்ச்சல் 100 தான். பாராசிட்டமால் போட்டுப் பார்க்கலாமா?

100.4, அதாவது 38 செல்சியஸ் தொட்டால் நடு இரவானாலும் மருத்துவமனைக்கு வர வேண்டும். மருந்து ஏறி ஒரு வாரம் முதல் இரண்டு வாரம்வரை வெள்ளை அணுக்கள் தரைக்கு இறங்கியிருக்கும், அப்போது சாதாரணத் தொற்றும் சில மணி நேரத்தில் உயிருக்கு ஆபத்தாகலாம். பாராசிட்டமால் காய்ச்சலை மறைக்கும், கிருமியைக் கொல்லாது. 100 என்றால் மாத்திரை போடாமல் ஒரு மணி நேரத்தில் மறுபடி பாருங்கள், நடுக்கம் இருந்தால் எண்ணைப் பார்க்காமலே கிளம்புங்கள். ஜெம்சிட்டபின் ஏறிய அன்றே லேசான காய்ச்சல் மருந்தினாலும் வருவதுண்டு. ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியது நாங்கள்.

ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ அதுவும் இதே அவசரம்தான். ரத்தம் உறையும் அபாயத்தைச் சிஸ்பிளாட்டின் கூட்டும்.

பயாப்ஸியில் "ஸ்மால் செல்" என்று வந்திருக்கிறது. இதே முறைதானா?

ஸ்மால் செல், ஸ்குவாமஸ் என்பவை செல்லின் இனம் வேறான அரிய வகைகள். ஸ்மால் செல் வகைக்கு கீமோதான் கட்டாயம் முதலில், மருந்துக் கூட்டு மட்டும் வேறு. முழுக்க ஸ்குவாமஸ் வகை என்றால் இந்த கீமோவின் பலன் குறைவு, நேரே ஆபரேஷனை யோசிப்பார்கள்.

இளவயதுக்காரர், இனிமேல்தான் குழந்தை வேண்டும். ஏதாவது செய்ய முடியுமா?

முடியும், ஆனால் முதல் சுற்றுக்கு முன்பே. விந்தணுவையோ கருமுட்டையையோ உறையவைத்துச் சேமிக்கலாம். நாங்களாகக் கேட்க மறந்தாலும் நீங்கள் கேட்டுவிடுங்கள்.

இம்யூனோதெரபியும் சேர்த்துக் கொடுக்கலாம் என்கிறார்கள். தேவையா?

உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே புற்றுக்கு எதிராகத் தூண்டிவிடும் மருந்துதான் இம்யூனோதெரபி. 2024-ல் வெளியான ஆய்வில் 1,063 பேருக்கு ஆபரேஷனுக்கு முன் ஜெம்சிட்டபின்-சிஸ்பிளாட்டின் கொடுத்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு அதோடு துர்வலுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தும், ஆபரேஷனுக்குப் பிறகு அதே மருந்தை எட்டு முறையும் கொடுத்தார்கள். இரண்டு ஆண்டு முடிவில் உயிரோடு இருந்தவர்கள் துர்வலுமாப் பெற்றவர்களில் 82 சதவீதம், பெறாதவர்களில் 75 சதவீதம். பலன் உண்மையானது. விலையும் அதிகம். உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் உறுப்புகளையே தாக்குவதும் சிலருக்கு நடக்கும், தைராய்டு, குடல், நுரையீரல் எதுவும் விலக்கல்ல. வாங்க முடியவில்லை என்று குற்ற உணர்ச்சி கொள்பவர்களுக்குச் சொல்கிறேன்: கீமோவும் ஆபரேஷனும் மட்டும் முழுமையான சிகிச்சைதான்.

இரண்டு சுற்றிலேயே சிறுநீரில் ரத்தம் நின்றுவிட்டது. ஸ்கேனிலும் கட்டி இல்லை. இனி ஆபரேஷன் எதற்கு?

மனதைப் பிசையும் கேள்வி. பையோடு வீட்டுக்குப் போகலாம் என்ற நம்பிக்கை அதற்குள் இருக்கிறது. ஆனால் ஸ்கேனும், உள்ளே கேமரா விட்டுப் பார்ப்பதும் பல நேரம் ஏமாற்றும். எதுவும் இல்லை என்று நினைத்து எடுத்த பைகளில் கணிசமானவற்றின் தசைக்குள் புற்று ஒளிந்திருக்கிறது. விட்டுவைத்தால் அது திரும்ப வரும்போது இதே வாய்ப்பு இருக்காது.

பையைக் காப்பாற்ற வேறொரு முறை உண்டு. கட்டியை உள்வழியாக முழுக்கச் சுரண்டி எடுத்து, கதிர்வீச்சும் கீமோவும் சேர்த்துக் கொடுப்பது. ஒரே கட்டி, சிறியது, சிறுநீரகத்தில் வீக்கம் இல்லை என்றால் சிலருக்கு நன்றாகப் பொருந்தும். ஆனால் அது ஒரு திட்டம். கீமோ மட்டும் முடித்துவிட்டு ஆபரேஷனுக்கு வராமல் இருப்பது திட்டமல்ல.

கீமோ முடிந்தும் கட்டி அப்படியேதான் இருந்தது. எல்லாம் வீணா?

ஆபரேஷன் இன்னும் கையில் இருக்கிறது. எடுத்த திசுவில் தசைவரை புற்று மிச்சம் இருந்தாலோ முடிச்சுகளில் இருந்தாலோ, ஏற்கெனவே இம்யூனோதெரபி பெறாதவர்களுக்கு நிவோலுமாப் போன்ற மருந்தை ஓராண்டு கொடுப்பதுண்டு. புகைப்பவராக இருந்தால் இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள், ஆபரேஷன் புண் ஆறுவதற்கும் நுரையீரலுக்கும் அது நேரடி லாபம்.

எடுத்த பையில் புற்றே இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. அப்படியானால் என் கணவர் பையை அநியாயமாக இழந்துவிட்டாரா?

ஒரு அம்மா அந்த ரிப்போர்ட்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு இதைக் கேட்டார். கண்ணில் நீர் இல்லை, கோபம்தான் இருந்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து நான் சொன்னது இதுதான். புற்று இல்லை என்பதை உறுதியாகச் சொல்ல அந்தப் பையை எடுத்துத் துண்டு துண்டாக மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் முடியும். முந்தைய நாள்வரை அது யாருக்கும் தெரியாது. எடுத்த திசுவில் ஒன்றும் மிஞ்சாதவர்களுக்குத்தான் மிக நல்ல எதிர்காலம்: நான் முன்பு சொன்ன 2003 ஆய்வில் அப்படி வந்தவர்களில் 85 சதவீதம் பேர் ஐந்து ஆண்டுக்குப் பிறகும் உயிரோடு இருந்தார்கள்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அடுத்த ஸ்கேன் எப்போது?" என்று கேட்டார். முதல் இரண்டு ஆண்டு சில மாதங்களுக்கு ஒரு முறை என்றேன். பை போனாலும் அதே உள்தோல் மேலே குழாய்களில் இருக்கிறது, அங்கேயும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தேதியை அந்த ரிப்போர்ட்டின் பின்பக்கத்திலேயே எழுதிக்கொண்டு போனார்.